இடது கைக்குப் பழகாத கரண்டு சைக்கிள்

சேகர், வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இதைப் பிரித்துப் படிக்காதே. ஞாயிற்றுக்கிழமை வரை மேசைமேல் கிடந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்து படி. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ "எப்பிடிப்பா இருக்கீங்க" என்று ஆரம்பித்ததும், என்னைக் கேட்காமலே என் வாய் "எனக்கென்னடா கொறச்சல்" என்று சொல்லிவிடுகிறது. இரண்டு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் நன்றாக இல்லை. தை மாதம் உன் அக்கா விமலாவின் மகள் நித்யாவுக்குக் கல்யாணம். அக்கா முகத்தில் விழிக்க மாட்டேன், அதனால் வரமாட்டேன் என்று நீ முடிவாகச் சொல்லிவிட்டாய். விமலா குளியலறையில் சோப்புத் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுப் போனதால்தான் அம்மா வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து, படுக்கையில் கிடந்து செத்தாள் என்று நீ நம்புகிறாய். அம்மா குளியலறையில் விழவே இல்லை. நீ அனுப்பிய சைக்கிளில் இருந்து விழுந்தாள். ஓட்டியது நான்.

இதைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிடாதே. சைக்கிளை அனுப்பியது நீ என்பதால் உன்மேல் பழி போட வருகிறேன் என்றும் நினைக்காதே. நீ நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினாய். என் வலது முட்டி தேய்ந்து, ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்ப முடியாமல் நான் தெருவில் நின்று திணறுவதை வீடியோவில் பார்த்தாய். "அத வித்துடுங்கப்பா, நான் வேற அனுப்புறேன்" என்றாய். முப்பத்தைந்து வருடம் ஓட்டிய ஸ்கூட்டர். வேண்டா வெறுப்பாகத்தான் விற்றேன். ஆனால் ஊரோடு திரும்பி வந்த உன் சிநேகிதன் வீட்டுச் சாமான்களோடு அந்தச் சைக்கிளும் வந்து இறங்கி, முத்தியால்பேட்டையில் நம் வீட்டு வாசலில் அட்டையைப் பிரித்தபோது, எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவே கூடிவிட்டது. எதிர்ப்பக்கத்து இஸ்திரிக்காரர், "என்னா முசியே, பிரான்சுலேருந்து சைக்கிளு வந்துக்கீதாமே, நம்மூர்ல சைக்கிளுக்கா பஞ்சம்?" என்று பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுகிற மாதிரி கிண்டல் செய்தார். "இது கரண்டு சைக்கிளுய்யா, கியரு தானா மாறும், நீ வாயப் பொளக்காம பாரு" என்றேன். பெட்டிக்குள் வந்த பிரெஞ்சு விளக்கப் புத்தகத்தை எடுத்து, பிரெஞ்சுப் பள்ளியில் சர்ட்டிபிகா படித்த காலத்து ராகத்தில் ஒரு பக்கம் உரக்க வாசித்தும் காட்டினேன். யாருக்கும் ஒரு எழுத்துப் புரியவில்லை. புரியாததுதான் எனக்குச் சந்தோஷம். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

அந்த வண்டியில் கியர் மாற்ற ஒன்றுமே இல்லை என்பது உனக்குத் தெரியும். பின்சக்கரத்தின் நடுவில், குடத்துக்குள்ளேயே எல்லாக் கியரும் இருக்கிறது. வலது கைப்பிடியைத் திருகி, என் கால் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று ஒரு தடவை வைத்துவிட்டால் போதும். மேடோ சமமோ, அதுவாகப் பார்த்து மாற்றிக்கொள்ளும். கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது! ஏறி உட்கார்ந்தால்தான் அவஸ்தை. முதல் நாள் சிக்னலில் நிற்கும்போது பழக்கதோஷத்தில் பெடல்மேல் காலை ஊன்றினேன். மோட்டார் பிடித்து ஒரு தள்ளு தள்ளி, முன்னால் இருந்த பூக்காரம்மாவின் கூடைக்குள் சக்கரம் போய்விட்டது. "கண்ணு தெரியலயா பெருசு, ஊட்ல கெடக்கறதுதானே!" என்று அவள் போட்ட சத்தத்தில் சிக்னலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மெல்ல மிதித்தால் கியர் மாறுவதே தெரியாது. நானோ ஸ்கூட்டரை உதைத்த ஆள். அழுத்தி அழுத்தி மிதிப்பேன். அப்போது அது மாற முடியாமல் தம் பிடித்து, பிறகு 'களக்' என்று ஒரு வெட்டு வெட்டி மாறும். கியர் மாறுகிற இடத்தில் காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. வண்டிக்கு நான் தளர்ந்து கொடுக்க வேண்டுமாம்! யாருக்கும் எதற்கும் தளர்ந்து கொடுத்த ஆளா உன் அப்பன்?

காலைவிடக் கைதான் பெரிய தொல்லை. ஸ்கூட்டரில் கிளட்ச் இடது கையில். கியர் மாற வேண்டும் என்று உடம்புக்குத் தோன்றினால் போதும், இடது கை தானாகப் போய் அதை இறுக்கிப் பிடிக்கும். முப்பத்தைந்து வருடம் தினமும் பிடித்த கை அது. இந்தச் சைக்கிளில் அந்த இடத்தில் இருந்தது பிரேக், அதுவும் முன்சக்கரத்து பிரேக். நம் ஊர்ச் சைக்கிளில் முன்பிரேக் வலது கையில் இருக்கும், அங்கே இடது கையில். நீயே சொன்னாய்: "அப்பா, சைக்கிள் கடைல குடுத்து ரெண்டையும் மாத்திப் போடச் சொல்லிடுங்க." கடைக்கும் கொண்டு போனேன். கடைக்காரர் ஸ்பேனரை எடுத்துவிட்டார். எனக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, "வாணாம்பா, கை வைக்காத. அவங்க ஊர்ல எப்பிடிப் போட்டிருக்கானோ அப்பிடியே இருக்கட்டும்" என்று தடுத்துவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஓட்டப் போறது நம்ம ஊர்லதானே சார்?" என்றார். எவ்வளவு சாதாரணக் கேள்வி! பிரான்சில் இருந்து வந்த சாமானை முத்தியால்பேட்டை ஸ்பேனர் தொடக் கூடாது என்ற வீராப்பு எனக்கு. விட்டிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். இன்றைக்கும் அந்தக் கடையைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்.

பதினோரு நாள் ஓட்டிப் பார்த்தேன். காலையில் வெயில் ஏறுவதற்குள் கடற்கரைச் சாலையை ஒரு சுற்று, பிறகு தெருவில் ஒரு சுற்று. ஒவ்வொரு தடவை 'களக்' என்று மாறும்போதும் இடது கை இறுகும், வண்டி முன்னால் குத்தும், நான் காலை ஊன்றி நிற்பேன். நாளுக்கு ஆறு தடவை ஐந்து தடவையாகக் குறைந்திருக்கும், அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள் நீ வீடியோவில் வந்தாய். "பழகிட்டீங்களாப்பா?" என்று கேட்டாய். உன் பெண்டாட்டி, பிள்ளை எல்லாரும் திரையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பழகறதுக்கு என்னா இருக்குது, பச்சக் கொழந்த கூட ஓட்டும்" என்றேன். நீ சிரித்துவிட்டு, உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "அம்மாவ மட்டும் பின்னால ஏத்திடாதீங்க" என்றாய். "எனக்குத் தெரியாதா?" என்றேன். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்று உண்டென்றால் அது இதுதான்: யாராவது உன்னைப் பழகிவிட்டாயா என்று கேட்டால், இல்லை, இன்னும் தடுமாறுகிறேன் என்று சொல்லிவிடு. சொன்னால் ஒரு நிமிடம் சிரிப்பார்கள். சொல்லாமல் போனதற்கு நான் கொடுத்தது என்னவென்று பார்.

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோவிலுக்கு நானும் அம்மாவும் ஸ்கூட்டரில் போவது உனக்கு நினைவிருக்கும். நீயும் சின்ன வயதில் முன்னால் நின்றுகொண்டு வந்திருக்கிறாய். ஸ்கூட்டரை விற்ற பிறகு அவள் ஷேர் ஆட்டோவில் இடிபட்டுக்கொண்டு தனியாகப் போய் வந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, ஆனால் எனக்கு அது பொறுக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவள் கிளம்பும்போது, "ஏறு, நான் இட்டுக்கினு போறேன்" என்றேன். அவள் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தாள். "இது ரெண்டு பேரத் தாங்குமா? பொஸ்தகத்துல என்னா போட்டிருக்குது?" என்று கேட்டாள். பின் கேரியரில் இருபத்தைந்து கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது, ஆளை ஏற்றவே கூடாது என்று தெளிவாகப் போட்டிருந்தது. தடித்த எழுத்தில், கட்டம் கட்டி. படித்திருந்தேன். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். "தாங்கும்னுதான் போட்டிருக்குது" என்றேன். நாற்பத்தி இரண்டு வருடம் கூட வாழ்ந்தவன் சொன்னதை நம்பி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள்.

மணிக்கூண்டு வரை நன்றாகத்தான் போனோம். "மெத்துனு போவுது" என்று பின்னால் இருந்து சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. முன்னால் போன ஆட்டோ ஆள் ஏற்ற நின்றது, நானும் நின்றேன். அது நகர்ந்ததும் இரண்டு பேர் பாரத்தை இழுக்க வேண்டுமே என்று பெடலை ஓங்கி மிதித்தேன். மோட்டார் தள்ளியது, கியர் மாற முடியாமல் திணறி, பெரிய வெட்டாக வெட்டி மாறியது. என் இடது கை இறுகியது. நான் பிடிக்கவில்லை சேகர், சத்தியமாக நான் பிடிக்கவில்லை, அந்தக் கை பிடித்தது. பின்சக்கரம் தூக்கிக்கொண்டது. நான் காலை ஊன்றி நின்றுவிட்டேன். அவளுக்கு ஊன்றக் கால் எட்டவில்லை. இடுப்பு ரோட்டில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. ஓரத்தில் கடை போட்டிருந்த இளநீர்க்காரரும் நானும் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தோம். "ஆஸ்பத்திரிக்கிப் போலாம்மா" என்று இளநீர்க்காரர் சொன்னார். "ஒண்ணுமில்லப்பா, ஊட்டுக்குப் போயி செத்த படுத்தா சரியாப் பூடும்" என்றாள். எனக்குத் தலைகுனிவு வரக் கூடாதென்றுதான் அப்படிச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைதோறும் விமலா அரியாங்குப்பத்தில் இருந்து பஸ் ஏறி வந்து எங்கள் துணிகளைத் துவைத்துப் போட்டுவிட்டுப் போவாள். அன்றைக்கும் வந்திருந்தாள். நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் குளியலறைக்குள் துவைத்துக்கொண்டிருந்தபோதே கிளம்பியதால், நாங்கள் வெளியே போனதுகூட அவளுக்குத் தெரியாது. அம்மாவைக் கட்டிலில் கிடத்தினேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். விமலா இறங்கி வந்து பார்த்து, "அய்யய்யோ, என்னாச்சு?" என்று அலறினாள். எதிரே குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. தரையெல்லாம் சோப்பு நுரை. "பாத்ரூம்ல வழுக்கிடுச்சு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. கண்ணில் பட்டது வாயில் வந்துவிட்டது. விமலா தலையில் படார் படார் என்று அடித்துக்கொண்டாள். "பாவி நான், தண்ணி ஊத்திக் கழுவாம மேல போய்ட்டேனே! என் கையாலயே எங்கம்மாவத் தள்ளிட்டேனே!" என்று அழுதாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா முழங்கையில் சிராய்த்த இடத்தில் தார் ரோட்டுப் பொடிக்கல் ஒட்டியிருந்தது. அழுதுகொண்டே அதைத் துடைத்துவிட்டது விமலாதான். குளியலறையில் பொடிக்கல் எங்கிருந்து வரும் என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. தப்பு தன்னுடையது என்று அவ்வளவு சீக்கிரம் நம்பிவிட்டாள்.

ஏன் நம்பினாள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அவளை அப்படிப் பழக்கியவனும் நான்தான். உனக்கு ஒன்பது வயது இருக்கும். நிறுத்தி வைத்திருந்த ஸ்கூட்டரில் ஏறி விளையாடிச் சாய்த்து, கண்ணாடியை உடைத்துவிட்டாய். ஆபீஸ் கிளம்பி வந்த நான், "எவன் ஒடச்சது?" என்று கத்தினேன். "நான்தாம்பா" என்று விமலா முன்னால் வந்தாள். உன் முட்டியில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியும், உடைத்தது நீ என்று. தெரிந்தேதான் அவளை அடித்தேன். அடி வாங்க ஒரு ஆள் தானாக முன்வந்து நின்றது எனக்கு வசதியாக இருந்தது. அவள் முதுகில் விழுந்ததை நீயும் பார்த்தாய், பேசாமல் நின்றாய். நீ சின்னப் பையன், உன்னைச் சொல்லிக் குற்றமில்லை.

அம்மா நான்கு மாதம் கிடந்தாள். ஆபரேஷன் செய்தார்கள், நடக்க முடியவில்லை, முதுகெல்லாம் புண்ணாகி, கடைசியில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. நீ போனில் கேட்டபோதெல்லாம், "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்டா, எம் போறாத காலம்" என்று எனக்காக உன்னிடம் பொய் சொன்னாள். ஒரே ஒரு நாள், விமலா புண்ணைத் துடைத்துவிட்டு வெளியே போனதும், என்னைக் கூப்பிட்டாள். "தம்பிக்கிச் சொல்லாட்டிப் போங்க. விமலாகிட்டயாச்சும் சொல்லிடுங்க. அது ஒவ்வொரு நாளும் எங்காலப் புடிச்சிக்கினு அழுவுது, என்னால பாக்க முடியல" என்றாள். "நாளைக்குச் சொல்லிடறேன்" என்றேன். மறுநாளும் நாளைக்கு என்றேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்டுக் கேட்டுச் சலித்து, என்னைக் கைகழுவிவிட்டுத்தான் அவள் செத்தாள் என்று எனக்குத் தெரியும்.

நீ வந்தாய். அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். விமலா உன்னைப் பார்த்ததும் "தம்பீ" என்று ஓடி வந்து கட்டிக்கொள்ளப் போனாள். நீ அவள் கையைத் தட்டிவிட்டு, "தரையக் கழுவி வுட முடியல உன்னால? எங்கம்மாவக் கொன்னுட்டு எங்கிட்ட வந்து அழுவுறியா?" என்றாய். அத்தனை ஜனங்களுக்கு முன்னால். நான் அவளுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் ஒரே வரி. திறக்கவில்லை. துண்டை வாயில் வைத்து அழுகிறமாதிரி மூடிக்கொண்டேன். நீ விமானம் ஏறிப் போனாய். அதன் பிறகு அவள் அனுப்பிய எதற்கும் நீ பதில் போடவில்லை.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். இதைச் சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை ஆட்டோ ஏறி, பாதி வழியில் இறங்கித் திரும்பியிருக்கிறேன். இந்தத் தடவை அந்தச் சைக்கிளையே எடுத்தேன். அரியாங்குப்பம் பாலத்து மேட்டில் கியர் இறங்கியது, இறக்கத்தில் ஏறியது. என் கால் தானாகத் தளர்ந்தது, இடது கை சும்மா கிடந்தது. அக்கா கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தாள். தாய்மாமன் என்று எழுதி, பக்கத்தில் பெயர் எழுதாமல் விட்டிருந்தாள். "தம்பி பேரப் போடலாமாப்பா? போட்டு அவன் வரலன்னா ஊரு சிரிக்கும், போடலன்னா எம் மனசு கேக்கல" என்றாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "அம்மா வழுக்கி வுழல விமலா. நான்தான் சைக்கிள்ல ஏத்திக்கினு போயி தள்ளிட்டேன்" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்தாள். "இன்னைக்கும் இந்த ஊட்ல யாரு குளிச்சாலும், நான் போயி துணி போட்டு மண்டி போட்டுத் தொடச்சாத்தான் என்னால ஒக்கார முடியுது. நித்யா என்னப் பைத்தியம்ங்குது" என்றாள். எழுதின தாளை மடித்துக்கொண்டே, "தம்பி என்ன அப்பிடிக் கேட்டப்ப நீங்க எங்கப்பா நின்னுக்கினு இருந்தீங்க?" என்று கேட்டாள். "உம் பக்கத்துலதாம்மா" என்றேன். "ம்" என்றாள். எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திருந்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு நீங்க வராதீங்கப்பா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்காக அவளிடம் பரிந்து பேசாதே. அவள் சொன்னது சரி. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை; கேட்டால் நீ மன்னித்துத் தொலைப்பாய், அதுவும் எனக்கு வேண்டாம். நீ மட்டும் வா. லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று எதையும் சொல்லாதே. தாய்மாமன் சீருக்குப் புடவையை இங்கே வந்து நித்யாவைக் கூட்டிப்போய் எடு, அவளுக்குப் பிடித்த நிறத்தில். நேராக அக்கா வீட்டுக்குப் போ. முத்தியால்பேட்டையில் என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதே. வாசலில் அவள் உன்னைப் பார்த்து ஓடி வரமாட்டாள், ஒரு தடவை வந்து பட்டது அவளுக்குப் போதும். நீ போ.

மண்டபத்தில் எல்லாரும் கேட்பார்கள், பெண்ணுக்குத் தாத்தா எங்கே என்று. உன் அக்காவை எனக்குத் தெரியும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லி என் மானத்தைக் காப்பாற்றப் பார்ப்பாள். அவளைச் சொல்ல விடாதே சேகர். எனக்காகப் பொய் சொன்ன ஒருத்தியை ஏற்கெனவே கொளுத்திவிட்டேன். நீ முன்னால் போய் நின்று, அம்மாவைத் தள்ளியது அப்பா, அக்கா இல்லை என்று, அவள் காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொல்.

அப்பா